முன்னுரை இருக்கிறது, முடிவுரை இருக்கிறது... நடுவில் உங்கள் ஊர் எங்கே?

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், அதன் தமிழ்க் கட்டுரை நோட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தலைப்பு 'மழைநீர் சேகரிப்பு' என்று இருக்கலாம், 'சாலைப் பாதுகாப்பு' என்று இருக்கலாம், 'நான் விரும்பும் தலைவர்' என்றும் இருக்கலாம். முன்னுரை மட்டும் அண்ணன் தம்பி போல ஒரே சாயலில் இருக்கும். 'இன்றைய நவீன உலகில்...' என்று ஆரம்பித்து, 'இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்' என்று முடியும். முடிவுரையில் 'நாமும் பின்பற்றுவோம், நாட்டை உயர்த்துவோம்' என்று வரும். நடுவில் நான்கு சிறுதலைப்புகள். எழுதியது மதுரைப் பிள்ளையா, தருமபுரிப் பிள்ளையா, துபாயில் படிக்கும் பிள்ளையா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறிப்புகளைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். அதற்கு எட்டு மதிப்பெண். வினாத்தாளின் கடைசியில் வருகிற கேள்வி அது. அதற்குள் கையும் சோர்ந்திருக்கும், கடிகாரமும் ஓடியிருக்கும். கைடில் மனப்பாடம் செய்ததை இறக்கி வைத்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு என்று பிள்ளை நினைக்கிறது. அப்பா, அம்மாவும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஆனால், நல்ல கட்டுரை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள கைடைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லாத ஒரு மாவட்டம் உண்டு. தமிழில் சுருக்கமாகவும் கூர்மையாகவும் எழுதுவது எப்படி என்பதற்கு அந்த மண்ணிலும் அதன் அக்கம்பக்கத்திலும் இரண்டாயிரம் வருட சாட்சி இருக்கிறது. பழைய பெயர் தகடூர். இன்றைய தருமபுரி.

ஆயுதக் கிடங்கில் ஒரு பாடம்

ஔவையாரையும் அதியமானையும் தெரியாதவர்கள் இல்லை. அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தருமபுரி பக்கத்தில் அதியமான்கோட்டை என்றே ஓர் ஊர் இருக்கிறது. புறநானூற்றின் 400 பாட்டில் 33 பாட்டு ஔவையார் பெயரில் இருக்கின்றன. பெரும்பாலானவை அதியமானைப் பற்றியவை.

அதில் 95-ஆம் பாட்டைக் கட்டுரை எழுதப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். தன் பலத்தைக் காட்டவேண்டும் என்று தொண்டைமான் ஆயுதக் கிடங்கைத் திறந்து காட்டுகிறான். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 'எங்கள் அதியமான் மாபெரும் வீரன், நிகரற்றவன், எதிரிகளை நடுங்க வைப்பவன்' என்று அடுக்கியிருப்போம். ஔவையார் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. உன் ஆயுதங்கள் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் அழகாக இருக்கின்றன என்கிறார். அவனுடைய வேல்களோ எதிரிகளைக் குத்திக் குத்தி நுனி உடைந்து, கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். அவ்வளவுதான். யார் போருக்குப் போகிறவன், யார் போகாதவன் என்பது கேட்கிறவன் மண்டையில் தானாக ஏறிவிடுகிறது.

கட்டுரையில் ஒருவரைப் பாராட்டவேண்டும் என்றால் பாராட்டு வார்த்தையைத் தேடாதீர்கள். பார்த்த பொருளைச் சொல்லுங்கள், போதும். 'எங்கள் அம்மா கடின உழைப்பாளி' என்று எழுதுகிற பிள்ளைக்கு, அம்மாவின் கையில் புளி அடித்துக் காய்த்துப்போன இடம் எது என்று தெரியும். பாப்பாரப்பட்டிப் பக்கம் சீசனில் புளி தட்டி, கொட்டை எடுக்கிற வேலைக்குப் போகாத குடும்பம் குறைவு. ஒரு நாள் கூலி எவ்வளவு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் 'கடின உழைப்பாளி' என்ற வார்த்தையே தேவைப்படாது.

இன்னொரு பாட்டும் உண்டு, 87-ஆவது. அதியமான் எப்படிப்பட்டவன் என்று எதிரிகளுக்கு எச்சரிக்கை கொடுக்கிறார் ஔவையார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து தள்ளக்கூடிய கைதேர்ந்த தச்சன், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? அப்படிப்பட்டவன் என்கிறார். வீரத்தைப் பற்றிய பாட்டுதான். ஆனாலும், எழுதிப் பார்த்து, அடித்து, திருத்தி, மறுபடி எழுதுவது என்ற வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். வாரத்துக்கு நான்கு கட்டுரையைப் பார்த்து எழுதுகிற பிள்ளையைவிட, மாதத்துக்கு ஒன்றை நான்கு முறை திருத்தி எழுதுகிற பிள்ளை சீக்கிரம் தேறிவிடும்.

நாய்க்கும் பெயர் எழுதிய கல்

தருமபுரியிலும் அதை ஒட்டிய செங்கம் பகுதியிலும் நடுகற்கள் நிறைய. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்களுக்காக ஊர்க்காரர்கள் நட்டு வைத்த கற்கள். பல கற்களில் வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி இருக்கும். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, இறந்தவன் யாருடைய ஆள், என்ன சண்டை, மாட்டை மீட்டானா, எப்படி இறந்தான் என்பதுதான் விஷயம். கல்லில் உளியால் வெட்டவேண்டும் என்பதால் வீண் வார்த்தைக்கு இடமே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உழைப்பு. பேனாவுக்கு மட்டும் உளியின் கனம் இருந்திருந்தால் நம் பிள்ளைகளின் முன்னுரை பாதியாகச் சுருங்கியிருக்கும்!

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்ததற்காக நட்ட கல். அதில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால், அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கவனித்தீர்களா? 'விசுவாசமுள்ள நாய்' என்று எழுதவில்லை. நாய்க்குப் பெயர் இருக்கிறது. கடித்தது இரண்டு பேரை என்ற கணக்கு இருக்கிறது. சுமார் 1,400 வருடம் கழித்து அதைப் படிக்கிற நமக்கு அந்த நாய் குரைக்கிற சத்தம் கேட்கிறது. எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் போனவரா என்பதுகூடத் தெரியாது. ஆனால், எதைச் சொன்னால் நிற்கும் என்று தெரிந்திருக்கிறது.

ஜம்பையில் 1981-இல் கண்டுபிடித்த தமிழ் பிராமிக் கல்வெட்டும் இதே ரகம்தான். அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைத் தங்குமிடம் பற்றியது. பட்டம், குலம், பெயர், கொடுத்த பொருள் எல்லாம் ஒற்றை வரியில் அடக்கம். அசோகர் கல்வெட்டில் வரும் 'சத்தியபுத்திரர்' என்பது யார் என்று அறிஞர்கள் பல காலம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்த கேள்விக்கு, அந்த ஒரு வரி பதில் சொல்லிவிட்டது.

நன்னூல் அன்றே போட்ட பட்டியல்

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலை இலக்கணப் புத்தகம் என்று மட்டும் நினைத்து நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். அதன் பாயிரத்தில் ஒரு நூலுக்கு இருக்கக்கூடாத பத்துக் குற்றமும், இருக்கவேண்டிய பத்து அழகும் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தப் பத்துக் குற்றத்தையும் படித்தால், பவணந்தியார் இந்த வருடம் அரையாண்டுத் தேர்வு பேப்பர் திருத்தினாரோ என்று சந்தேகம் வரும்.

'மற்றொன்று விரித்தல்' என்று ஒரு குற்றம். சொல்லவந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ விரிப்பது. பிள்ளை 'மரம் வளர்ப்போம்' கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறது. தேர்வில் 'நெகிழி ஒழிப்பு' வருகிறது. என்ன செய்யும்? முதல் இரண்டு வரியில் நெகிழி. மூன்றாவது வரியிலிருந்து மரம்தான். திருத்துகிறவர் இதைப் பத்து வினாடியில் கண்டுபிடித்துவிடுவார்.

'வெற்றெனத் தொடுத்தல்' இன்னொன்று. பொருளே இல்லாமல் வார்த்தையை மட்டும் கோப்பது. 'இன்றைய நவீன உலகில்' என்பது அந்த ரகம். அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், கட்டுரையில் எதுவுமே குறையாது. 'சென்று தேய்ந்து இறுதல்' என்றால், ஆரம்பத்தில் ஓஹோவென்று கிளம்பிப் போகப்போக வலுவிழந்து முடிவது. முன்னுரைக்கு முக்கால் பக்கம், கடைசிச் சிறுதலைப்புக்கு ஒன்றரை வரி. கூறியது கூறலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்தை நிரப்புவதற்கு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அழகுகளில் சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டும் சேர்ந்து இருக்கவேண்டும் என்பதுதான் சங்கதி. சுருக்கமாக எழுதுகிறேன் என்று யாருக்கும் புரியாமல் எழுதினால் அதுவும் குற்றம்தான். அதற்குக் குன்றக் கூறல் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பத்து அழகிலும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவேண்டியது, விளங்குகிற உதாரணம் காட்டுவது என்ற அழகுதான். ஒரு நல்ல உதாரணம் கையில் இருந்தால் மற்ற அழகுகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உதாரணம் இல்லாதவன்தான் நீட்டி முழக்குவான்.

தண்ணீரைப் பற்றி எழுதச் சொன்னால்...

இப்போது விஷயத்துக்கு வருவோம். பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 'நீர் மேலாண்மை' என்று கட்டுரை எழுதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மாணவி எழுதுகிறாள். நீர் உயிருக்கு ஆதாரம், பூமியில் முக்கால் பங்கு நீர், மழைநீரைச் சேமிப்போம். எல்லாம் சரி. பிழை ஒன்றும் இல்லை. ஆறு மதிப்பெண் கிடைக்கலாம்.

ஆனால், அந்த மாணவியின் வீட்டுக்குப் போனால் தாத்தாவின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். பாக்கு, புகையிலை எதையும் தொடாத மனிதராக இருந்தாலும் இருக்கும். காரணம் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் கறை விழும். மிக அதிகமாக இருக்கும் தண்ணீரைப் பல வருடம் குடித்தால் எலும்பையே பாதிக்கும். முதுகும் மூட்டும் இறுகிப்போகும். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டத்துக்கும் குழாயில் வருகிறது.

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததை அது ஏன் எழுதவில்லை? 'எங்கள் தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது. வராத நாளில் போர் தண்ணீரைக் குடிக்கிறோமா, குடிக்காமல் விடுகிறோமா. தாத்தாவுக்கு ஏன் பல் அப்படி இருக்கிறது, எனக்கு ஏன் அப்படி இல்லை?' இந்த நான்கு விஷயத்தை எழுதியிருந்தால், அந்த விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்திருப்பார். எட்டுக்கு எட்டு போடுவாரா என்பது அடுத்த விஷயம். அந்தக் கட்டுரையை அவர் மறக்கமாட்டார்.

பிள்ளை எழுதாததற்குக் காரணம், அது கட்டுரைக்கு உரிய விஷயம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. தன் வீடு, தன் தெரு, தாத்தாவின் பல் இதெல்லாம் தாழ்வானவை. புத்தகத்தில் அச்சாகி இருப்பதுதான் உயர்வானது என்று நினைக்கிறது. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பு படிக்கிற பிள்ளைகளிடம் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, பள்ளிக்கு வந்து தமிழ் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. 'ராகிக் களி' என்று எழுதலாமா, 'கேழ்வரகு' என்றுதான் எழுதவேண்டுமா என்று யோசித்துக்கொண்டே அந்த வரியை விட்டுவிடும். கேழ்வரகு என்று ஒருமுறை எழுதிவிட்டு, எங்கள் வீட்டில் அதை ராகி என்போம் என்று சொன்னால் முடிந்தது கதை. அது பிழை ஆகாது. எழுதுகிற கை யாருடையது என்பதற்கு அடையாளம்.

அப்படிப் பார்த்தால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. சுற்றுலாவைப் பற்றி எழுதச் சொன்னால் ஒகேனக்கல் 'கண்ணுக்கு விருந்து' என்று எல்லோரும் எழுதுவார்கள். கன்னடத்தில் அந்தப் பெயருக்குப் புகையும் பாறை என்று பொருள் என்பதைச் சிலர் சேர்ப்பார்கள். கர்நாடகத்தில் மழை பெய்து காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் பரிசல்காரர் வீட்டிலும், மீன் வறுத்துக் கொடுக்கும் அக்கா வீட்டிலும், எண்ணெய் மசாஜ் செய்யும் அண்ணன் வீட்டிலும் அடுப்பு எப்படி எரிகிறது என்று எழுத அங்கே வளர்ந்த பிள்ளையால்தான் முடியும். ஊருக்கே தண்ணீர் வந்த சந்தோஷம். இவர்களுக்கு வருமானம் போன கவலை. இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தால் அது கட்டுரை.

விவசாயம் என்றால் 'முதுகெலும்பு' தானாக வந்துவிடும். பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டுக்கு அப்பாவோடு விடியற்காலையில் போன பிள்ளை, ஒரு பெட்டி என்ன விலைக்குப் போனது, பறிகூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, மீதி எவ்வளவு என்று நான்கு எண் எழுதினால் முதுகெலும்பின் நிலைமை தன்னால் தெரிந்துவிடும். சாலைப் பாதுகாப்புக்குத் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் ஒரு லாரி ஏன் பிரேக் பிடிக்காமல் போகிறது என்று ஒரு டிரைவரிடம் கேட்டு எழுதினால், 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்று பத்துத் தடவை எழுதுவதைவிட உபயோகம்.

தலைவரைப் பற்றி எழுதுவது எப்படி?

இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அவரைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருப்பார்கள். 'தன்னலமற்ற தியாகி, வீரமுழக்கமிட்டவர், தேசத்துக்காகத் தன்னையே அர்ப்பணித்தவர்' என்று போகும். இதே வரிகளை வ.உ.சி.க்கும் போடலாம், வாஞ்சிநாதனுக்கும் போடலாம், திருப்பூர் குமரனுக்கும் போடலாம். யாருக்கும் பொருந்துகிற வரி யாரைப் பற்றியதும் அல்ல.

சிவாவுக்கு மட்டும் பொருந்துவது எது? 1884-இல் வத்தலக்குண்டில் பிறந்தார். 1908-இல் ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனார். வெளியே வந்தபோது தொழுநோய் பிடித்திருந்தது. 1913-இல் 'ஞானபாநு' என்று பத்திரிகை நடத்தினார். தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தபோது கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்டவேண்டும் என்ற கனவோடு பாப்பாரப்பட்டிக்கு வந்தார். 1925 ஜூலை 23-இல் அங்கேயே இறந்தார். வயது 40.

ரயிலில் ஏறவிடவில்லை, நடந்து போனார். இந்த ஒரு விஷயத்துக்குப் பக்கத்தில் 'தியாகி' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். சொல் சின்னதாகிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விவரம் எழுதும்போது சரியாக எழுதவேண்டும். நன்னூல் சொல்கிற அழகுகளில் உலக வழக்கோடு முரண்படாமல் இருப்பதும் ஒன்று. பழைய கட்டுரைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் ஓசூர் இன்னும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கும்! சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965-இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். ஆண்டு நினைவில்லையா, எழுதாதீர்கள். தப்பான ஆண்டைவிட ஆண்டு இல்லாத வரி மேல்.

கைடும் போனும்

'எல்லாம் சரிங்க, மார்க் வேணுமே' என்று பெற்றோர் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்விதான். அதனால் முன்னுரையையும் சிறுதலைப்பையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு அத்தனை விடைத்தாளைத் திருத்துகிற ஆசிரியருக்கு, கண்ணில் படுகிற சிறுதலைப்பு ஓர் உதவி. நன்னூலின் முறையின் வைப்பு என்பதும் அதுதானே! கொடுத்த குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இரண்டு வரியாவது எழுதவேண்டும். ஒவ்வொரு சிறுதலைப்பின் கீழும் பிள்ளை தான் பார்த்ததாக ஒரே ஒரு வரி எழுதட்டும். ஐந்து சிறுதலைப்பு என்றால் ஐந்து சொந்த வரி. மார்க்கும் போகாது, கட்டுரைக்கும் உயிர் வரும்.

எழுத்துப்பிழை ஒரு தலைவலி. ல-ள-ழ, ர-ற, ந-ன-ண குழப்பம் தீர ஒரே மருந்து சத்தம் போட்டு வாசிப்பதுதான். மனம் வேறு, மணம் வேறு என்பது காதில் விழுந்தால்தான் கையில் வரும். எழுதியதையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடைக்கலாம். தடுக்கி விழுகிற இடத்தில் வார்த்தையை மாற்றலாம். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் விதியாகப் படித்து வருவதைவிட இப்படி வாசித்து வருவது அதிகம்.

இப்போது இன்னொரு புதுச் சிக்கல். போனில் தலைப்பைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் இரண்டு பக்கக் கட்டுரை வந்து விழுகிறது. போட்டிக்கு வருகிற கட்டுரைகளைப் படிக்கிற நடுவர்களின் புதுத் தலைவலி இது. பிழை இருக்காது, பளபளப்பாக இருக்கும், தொண்டைமானின் ஆயுதக் கிடங்கு மாதிரி. தாத்தாவின் பல்லைப் பற்றி அதற்கு எப்படித் தெரியும்? ஆண்டு சரிபார்க்க, ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலைப் பார்க்கப் போனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கட்டுரையை அதனிடம் ஒப்படைத்தால், மண்டபத்தில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதவேண்டிய நாளில் போன் வாசலிலேயே நின்றுவிடும்.

அப்படிப்பட்ட நாட்கள் நிறைய வரும். தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் மாவட்ட அளவில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கட்டுரைப் போட்டி நடத்துகிறது; அங்கே நேரில் உட்கார்ந்துதான் எழுதவேண்டும். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு மட்டும் 250 மதிப்பெண், மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, தமிழிலேயே எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப்-1 முதன்மைத் தேர்வும் விரிவாக எழுதுகிற தேர்வுதான். இவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால், பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் நடத்துகிற 'ஊஞ்சல்' 4, 5-ஆம் வகுப்புக்கும், 'தேன்சிட்டு' 6 முதல் 9-ஆம் வகுப்புக்கும் இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் படைப்பு அதில் அச்சாகிறது. பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். கையில் மனுவோடு கூட்டம் நிற்கும். எழுதத் தெரியாதவர்கள் வாசலில் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். 'எங்கள் ஊரில் பல ஆண்டுகளாகப் பல்வேறு அடிப்படை வசதிகள் இல்லாமல் மிகுந்த சிரமத்துக்கு ஆளாகி வருகிறோம்' என்று ஒரு மனு. 'எங்கள் தெருவில் 40 வீடு. இரண்டு குழாய். போன மாதம் தண்ணீர் வந்தது நான்கு நாள்' என்று இன்னொரு மனு. அதிகாரி எதைக் கீழே வைக்காமல் அடுத்த மேசைக்கு அனுப்புவார்? பத்தாம் வகுப்பில் நீர் மேலாண்மை கட்டுரை எழுதிப் பழகிய கைதான் இந்த இரண்டாவது மனுவையும் எழுதும். எட்டு மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமாக அதை நான் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு கட்டுரை எழுத வையுங்களேன். தலைப்பு பெரிதாக வேண்டாம். 'எங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று வைக்கலாம். 'எங்கள் ஊர்ச் சந்தை', 'எங்கள் பாட்டி சமைக்கும் சாமைச் சோறு', 'பெங்களூருக்கு வேலைக்குப் போன சித்தப்பா' என்றும் வைக்கலாம். ஒரு பக்கம் போதும். குறைந்தது மூன்று பெயர், இரண்டு எண் இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். நாய் வளர்க்கிற வீடாக இருந்தால் நாயின் பெயரும் கணக்கில் சேரும். எழுதி முடித்ததும் வீட்டில் இருக்கிற பெரியவரிடம் படித்துக் காட்டட்டும். எந்த வருடம் போர் போட்டது, கிணறு எப்போது வற்றியது என்பதில் பிள்ளை தப்பு விட்டிருந்தால் அவர் அங்கேயே பிடித்துவிடுவார்.